தேவப்பிரயாகையில் இரண்டு இரவு

ஆறு கூடுவது என்றால் என்ன என்று யட்டியாந்தோட்டைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிவனொளிபாத மலைத் தொடரிலிருந்து மஸ்கெலிய ஓயா இறங்குகிறது. நோர்வூட், நோட்டன்பிரிட்ஜ் பக்கமாக கெஹெல்கமு ஓயா வருகிறது. கித்துல்கலைக்கு மேலே இரண்டும் கலந்ததும் அவற்றின் பழைய பெயர்கள் போய், களனி கங்கை என்ற பெயர் வந்துவிடுகிறது. யட்டியாந்தோட்டையை எட்டும்போது வீ ஓயாவும் அதில் விழுகிறது. ஓயாவாக இருந்த நீர் கங்கையாகப் பெயர் மாறுவதை நாம் பஸ் யன்னலிலிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள். இமயத்தில் தேவப்பிரயாகையில் நடப்பதும் இதுதான். வடக்கே கங்கோத்ரிப் பனியாற்றிலிருந்து பாகீரதியும், பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள சதோபந்த் பனியாற்றுப் பக்கமிருந்து அலக்நந்தாவும் வந்து ஒரு பாறை முனையில் முட்டுகின்றன. அந்த முனைவரை எந்த நீருக்கும் கங்கை என்ற பெயர் கிடையாது. முனையைத் தாண்டியதும் அது கங்கை. வங்கச் சமவெளியில் கிளை பிரியும்வரை அதே பெயர். இவ்வளவு பெரிய இடத்தை நம்முடைய யாத்திரைக் குழுக்கள் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகின்றன. அந்தப் பத்து நிமிடத்தை இரண்டு இரவாக்குங்கள் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வருவது. பத்ரிநாத் போகும் வழியில் தேவப்பிரயாகையைப் பார்ப்பதைவிட, தேவப்பிரயாகைக்கென்றே போய்த் தங்கி, உடம்பும் காசும் காலமும் இடம் கொடுத்தால் பத்ரிநாத்தை அதன்பிறகு சேர்த்துக்கொள்வது நம்மவருக்கு நல்லது.

வழக்கமான திட்டம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ரிஷிகேஷிலிருந்து பத்ரிநாத் ஏறத்தாழ 300 கிலோமீற்றர்; தேவப்பிரயாகை அந்த வழியில் சுமார் 70 ஆவது கிலோமீற்றரில் இருக்கிறது. விடியற்காலையில் கிளம்பும் வாகனத்துக்கு அன்று மாலைக்குள் பீப்பல்கோட்டி, ஜோஷிமட் பக்கம் போய்ச் சேர வேண்டிய அவசரம். ஆகவே நெடுஞ்சாலையில் ஒரு வளைவில் நிறுத்துகிறார்கள். கீழே இரு நிறத் தண்ணீர் ஒன்றோடொன்று ஒட்டி ஓடுவது தெரியும். கைபேசியில் படம் எடுத்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு ஏறிவிடுவார்கள். அங்கிருந்து தெரிவது ஊரின் முதுகுதான். ஊர் என்பது இரண்டு ஆறுகளுக்கு நடுவே நாக்குப்போல நீண்டிருக்கும் சரிவு. அதற்குப் போகச் சாலையிலிருந்து படிகளில் இறங்கி, பாகீரதியின் மேல் கட்டிய தொங்குபாலத்தை நடந்து கடக்க வேண்டும். பிறகு ஒருவர்பின் ஒருவராகப் போகுமளவு குறுகிய கடைத்தெரு வழியே சங்கமத்துக்கு இறங்கலாம். மேலே ஏறினால் ரகுநாதர் கோயில். மோட்டார் வாகனம் இந்தத் தெருக்களுக்குள் வராது. போக ஒரு மணி, திரும்ப ஒரு மணி, நடுவில் நீராட, கும்பிட, மூச்சு வாங்க என்று கணக்குப் போட்டால் எந்தக் குழுத் தலைவரும் இதற்கு நேரம் ஒதுக்கமாட்டார். அவர்மீது குறை சொல்லிப் பயனில்லை, திட்டமே பிழை.

தமிழ் பேசுகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போவது இன்னும் வேடிக்கை. ஏனென்றால் இது தமிழில் பாடப்பட்ட ஊர். வைணவர்களின் 108 திவ்விய தேசங்களில் திருக்கண்டமென்னும் கடிநகர் என்று வருவது இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பூமாலை கட்டிய பெரியாழ்வார் இந்தத் தலத்துக்கு 11 பாசுரங்கள் பாடியிருக்கிறார். வேறு ஆழ்வார் எவரும் இதைப் பாடவில்லை. கோயிலில் ரகுநாத்ஜி என்று உள்ளூர்க்காரர் கும்பிடும் கரிய திருமேனியைத் தமிழ் மரபு நீலமேகப் பெருமாள், புருஷோத்தமன் என்று அழைக்கிறது, தாயார் புண்டரீகவல்லி. கடி என்ற சொல்லுக்குக் காவல் என்றும் ஒரு பொருள் உண்டு. இரண்டு பக்கமும் செங்குத்தாக ஆறு, பின்னால் மலை என்று ஊர் கிடக்கிற கிடையைப் பார்த்தவருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகவே படும். பெரியாழ்வார் நேரில் போய்த்தான் பாடினாரா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை தேடுவது நம் வேலையல்ல. தென்கோடியில் இருந்த ஒருவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்தப் பாறை முனை தெரிந்திருந்தது என்பது போதும். கோயிலுக்குப் பின்புறப் பாறைகளில் அதற்கும் பழைய சான்று இருக்கிறது: பிராமி எழுத்தில் வெட்டிய யாத்திரிகர் பெயர்கள். எங்கிருந்தோ வந்தவர்கள் தம் பெயரைக் கல்லில் வெட்டும் அளவுக்கு இங்கே தங்கியிருக்கிறார்கள். 1803 இல் கட்வாலை உலுக்கிய நிலநடுக்கத்தில் கோயில் சேதமடைந்தபோது அதைத் திருத்தக் காசு கொடுத்தவர் குவாலியர் அரசர் தௌலத்ராவ் சிந்தியா. இன்று காணும் கட்டடத்தைப் பழமை என்று வாய் பிளந்து பார்க்குமுன் இதையும் நினைவில் வையுங்கள். கல்லெழுத்து பழையது, வழிபாடு பழையது. மேற்கட்டு பல தடவை திருத்தப்பட்டது.

இலங்கையிலிருந்து போகிறவர் இந்தக் கோயிலின் தலக்கதையைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். இராவணன் புலத்திய முனிவர் வழிவந்த பிராமணன். அவனைக் கொன்ற பாவம் தீர இராமன் தவம் செய்த இடம் இது என்கிறார்கள். வென்றவன் வெற்றிக்குப் பிறகு கழுவாய் தேடிய ஊர். நம் நாட்டில் சீதாஎலியவுக்கு இந்திய யாத்திரிகர்கள் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். யட்டியாந்தோட்டைக்குக் கீழே அவிசாவளையை ஒட்டிய சீதாவக்கை, சீதையின் பெயரையே சுமந்திருக்கிறது. கதையின் முதல் பாதியை நம் வீட்டு வாசலில் வைத்திருப்பவர்கள், அதன் பின்பாதி நடந்ததாகச் சொல்லும் இடத்துக்குப் போவதில் ஒரு முறை இருக்கிறது. ‘நாங்கள் மாரியம்மன், முருகன் கும்பிடுகிறவர்கள், பெருமாள் கோயிலுக்காக அவ்வளவு தூரமா?’ என்று தோட்டங்களில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் ஆடுகிற தோட்டத்தில் இமயம் அந்நிய இடமாக இருந்ததில்லை. தபசு மரத்தில் ஏறுகிறவர் எந்த மலைக்குப் போவதாகப் பாவனை செய்கிறார் என்று கூத்துப் பார்த்த குழந்தைக்கும் தெரியும். அம்மன் வேண்டும் என்றால் தேவப்பிரயாகைக்கு மேலே மலையுச்சியில் சந்திரபதனி கோயில் இருக்கிறது. அங்கே விக்கிரகம் கிடையாது. கல்லில் வடித்த ஸ்ரீசக்கரத்துக்குத்தான் பூசை. ஒரு பகலில் வாகனம் பிடித்துப் போய்வரலாம், கடைசித் துண்டு நடை. சிவன் கோயில்களும் ஊருக்குள்ளேயே உண்டு.

இனி எல்லாரும் கேட்கும் கேள்வி: அவ்வளவு செலவழித்துப் போய்விட்டு, பத்ரிநாத்தைப் பார்க்காமல் திரும்புவதா? இதற்கு உடம்பிலிருந்து தொடங்கிப் பதில் சொல்லலாம். இலங்கையின் மிக உயர்ந்த இடமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். பத்ரிநாத் அதைவிட 600 மீற்றர் மேலே, 3,100 மீற்றரைத் தாண்டி நிற்கிறது. அதாவது இந்தத் தீவைவிட்டு வெளியே போகாத எவரும், மலைநாட்டுக்காரராக இருந்தாலும், அந்த உயரத்துக் காற்றில் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்க முடியாது. ‘நாங்கள் நுவரெலியாக் குளிரைப் பார்த்தவர்கள்’ என்ற தைரியம் குளிருக்குச் சரி; காற்று மெலிவதற்கு அது மருந்தல்ல. 2,500 மீற்றருக்கு மேல் போனால் தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் வரலாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. இருதயக் கோளாறும் இரத்த அழுத்தமும் உள்ள பெரியவர்களை ஒரே நாளில் ஏற்றிக்கொண்டு போய் மறுநாள் இறக்குகிற திட்டம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தேவப்பிரயாகையோ ஹற்றனைவிடத் தாழ்ந்த ஊர். அறுபது வயதைக் கடந்த, தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து எடுத்தோ இறப்பர் பால் வெட்டியோ முழங்கால் தேய்ந்த ஒருவருக்கு மூச்சளவில் அது பாதுகாப்பான இடம். முழங்காலளவில் அப்படிச் சொல்ல மாட்டேன். படிகளைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

காலமும் இதே பக்கம்தான் பேசுகிறது. பத்ரிநாத் கோயில் ஏப்ரல் கடைசி அல்லது மே மாதம் திறந்து நவம்பரில் நடை சாத்துவது. அந்த ஆறு மாதத்தில் ஜூலை முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை மழை. மண்சரிவில் சாலை மணிக்கணக்காகவோ நாள்கணக்காகவோ அடைபடும். மண்சரிவு என்றால் என்ன என்று கேகாலை, இரத்தினபுரி மாவட்டக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. 2013 ஜூனில் கேதார்நாத்தை அழித்த வெள்ளம் அலக்நந்தா வழியாகத்தான் இறங்கியது. 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரின் வீடுகள் நிலம் தாழ்ந்து வெடித்ததும் பத்ரிநாத் பாதையில்தான். மழையைக் கழித்தால் பத்ரிநாத்துக்கு எஞ்சுவது மே, ஜூன் கூட்டமும் ஒக்டோபர் மாதமும். தேவப்பிரயாகை பன்னிரண்டு மாதமும் திறந்திருக்கும் ஊர். ஒக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் வரையும், பெப்ரவரி, மார்ச்சிலும் ஆறு தணிந்து, தண்ணீர் தெளிந்து, சாலை உலர்ந்து இருக்கும். பத்ரிநாத் உள்ளிட்ட நான்கு தாம யாத்திரைக்கு உத்தரகாண்ட் அரசு கட்டாயமாக்கியுள்ள முன்பதிவும் தேவப்பிரயாகைக்கு மட்டும் போகிறவருக்குத் தேவையில்லை. இவ்வளவுக்குப் பிறகும் பத்ரிநாத் போகத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் போங்கள். ஆனால் தேவப்பிரயாகையில் இரண்டு இரவு தங்கி, ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கி, உடம்பைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டு போங்கள். ஜோஷிமட்டும் ஒரு திவ்விய தேசம், திருப்பிரிதி. நின்று போகக் காரணம் அங்கேயும் இருக்கிறது.

இரண்டு நாள் அங்கே என்ன செய்வது என்பது இளவட்டங்களின் ஆட்சேபம். காட்சி பார்க்கப் போகிறவருக்கு அரை நாள் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கமம், கோயில், பாகீரதிக் கரையில் பிரம்ம குண்டம், அலக்நந்தாக் கரையில் வசிஷ்ட குண்டம், இரண்டு தொங்குபாலங்கள், அவ்வளவுதான். ஊருக்கு மேலே தசரதாஞ்சல் மலையில் ஆசார்ய சக்ரதர் ஜோஷி 1946 இல் நிறுவிய நட்சத்திர வேதசாலை ஒன்று, பழைய ஏடுகளும் தொலைநோக்கிகளும் கொண்டது. அனுமதி கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இரண்டு இரவு வேண்டும் என்று சொல்வதற்கான காரணம் இவற்றில் இல்லை, ஊரின் மனிதர்களிடம் இருக்கிறது. பத்ரிநாத்தின் தீர்த்த புரோகிதர்கள், பண்டாக்கள் என்று நாம் சொல்கிறவர்கள், பரம்பரையாகக் குடியிருக்கும் ஊர் தேவப்பிரயாகை. நடை திறந்திருக்கும் மாதங்களில் அவர்கள் மலையேறிப்போய்த் தொழில் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் வீட்டில் இருப்பார்கள். அவர்களிடம் பஹி என்ற நீளமான கணக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. எந்த மாவட்டம், எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் மகன் யார், எந்த ஆண்டு வந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவருவது அவர்கள் முறை. வந்தவர் தம் கைப்படக் கையெழுத்து வைப்பார். ஊர்வாரியாகப் பண்டாக் குடும்பங்கள் பிரித்துக்கொண்டிருப்பதால், நீங்கள் முதலில் சொல்ல வேண்டியது உங்கள் பேரையல்ல, பூர்வீக ஊரை.

இங்கே மலையகத்தாருக்கு ஒரு எச்சரிக்கை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கமிருந்து கோப்பிக் காலத்திலும் பின்பு தேயிலைக்கும் இறப்பருக்கும் வந்த நம் முன்னோர்கள், வந்த காரணமே பஞ்சமும் கடனும். அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒருவர் பத்ரிநாத் போய்ப் பேர் எழுதியிருப்பார் என்று எதிர்பார்ப்பது பெரும்பாலும் வீண். பஹியில் கொள்ளுத்தாத்தா பேரைத் தேடிப் போகிறவர் ஏமாற்றத்தோடு திரும்ப நேரலாம். தேடுவது பிழையல்ல, கிடைக்காவிட்டால் அது உங்கள் குடும்பத்தின் குறையும் அல்ல. ஆனால் எழுதிவைக்கலாம். நம் சனத்தின் பேர்கள் இதுவரை எங்கெல்லாம் எழுதப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள்: கங்காணியின் கடன் கணக்கில், கப்பல் ஏற்றிய துண்டில், தோட்டத்துச் செக்ரோலில், 1948 இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு விண்ணப்பப் படிவங்களில், 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பட்டியல்களில். எல்லாமே யாரோ நம்மை எண்ணுவதற்காக எழுதியவை. நாமே போய், நாமே சொல்லி, நம் கைப்பட எழுதும் பதிவுகள் குறைவு. அதனால் இதைச் சடங்கு என்று மட்டும் பார்க்காமல் ஆவணம் என்றும் பாருங்கள். புறப்படும் முன்பே ஒரு தாளில் தயார்செய்துகொள்ளுங்கள்: தெரிந்தவரை பூர்வீகக் கிராமம், பழைய மாவட்டப் பெயர், பாட்டன் பாட்டி பெயர்கள், அம்மா வழியும் அப்பா வழியும், பிறந்த தோட்டம், டிவிஷன், இன்றைய விலாசம், வந்த திகதி. பண்டா இந்தியில் எழுதுவார். அதற்குக் கீழே தமிழில் நீங்களே ஒரு வரி எழுத இடம் கேளுங்கள். பெண்களின் பெயர்களையும் சேர்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விடுபட்டுப் போகும். இதற்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவை. பத்து நிமிட நிறுத்தத்தில் நடக்கிற காரியமல்ல.

பண்டா சாதியும் கோத்திரமும் கேட்பார். அவர் புத்தகத்தின் அமைப்பு அப்படி. கோத்திரம் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம்; பொதுக் கோத்திரம் ஒன்றைச் சொல்லிச் சடங்கை நடத்துவது வழக்கத்தில் உள்ளதுதான். சாதியைச் சொல்ல விருப்பமில்லாவிட்டால் ஊரையும் நாட்டையும் சொல்லி அதோடு நிறுத்துங்கள். யாருக்கும் அந்தப் பதிலைக் கடன்பட்டிருக்கவில்லை. காசு விடயத்திலும் கூச்சம் வேண்டாம். தர்ப்பணம், பிண்டம், பேர் எழுதுதல் எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு என்று தண்ணீரில் கால் வைக்கும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ‘உங்கள் இஷ்டம்’ என்று சொன்னால் உங்கள் தொகையை நீங்கள் சொல்லி, சம்மதமா என்று கேளுங்கள். பண்டாக்கள் எல்லாரும் பறிக்கிறவர்கள் என்ற பேச்சு நம் யாத்திரிகரிடையே பரவலாக உண்டு. அவசரத்தில் வந்து அவசரத்தில் போகிறவரிடம்தான் பேரம் கசப்பாக முடிகிறது. இரண்டு நாள் ஊரில் நடமாடுகிறவருக்குப் பத்துப் பேரை விசாரிக்க நேரம் இருக்கிறது. தங்குவதில் உள்ள இலாபத்துக்கு இதுவும் ஒரு கணக்கு.

நீராடலில் மட்டும் தைரியசாலியாக இருக்கக் கூடாது. சங்கமத் துறையில் பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகள் தொங்குவது அலங்காரத்துக்கல்ல. இரண்டு மலையாறுகள் முட்டும் இடத்தில் அடிநீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதோடு, மேலே அணைகள் இருக்கின்றன. பாகீரதியில் 260 மீற்றர் உயரமான தெஹ்ரி அணை, அதற்குக் கீழே கோட்டேஷ்வர். அலக்நந்தாவில் கட்வால் ஸ்ரீநகரின் நீர்மின் திட்டம். கித்துல்கலையில் வெயில் காயும் நாளிலும் லக்சபான மின்நிலையங்கள் தண்ணீரைத் திறந்தால் களனி எப்படிச் சட்டென்று ஏறும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கதை, பல மடங்கு பெரிதாக. நீர் ஏறத் தொடங்கினாலோ சங்கு ஊதினாலோ உடனே படி ஏறுங்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பளவுக்கு மேல் போகாமல், மூன்று முழுக்கு, அவ்வளவு போதும். பெரியவர்களும் பிள்ளைகளும் படியில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும். மழைக்காலத்தில் இறங்கவே வேண்டாம். பாகீரதியை மாமியார் என்றும் அலக்நந்தாவை மருமகள் என்றும் சொல்வதுண்டு, ஒன்று ஆர்ப்பரிப்பு, மற்றது அடக்கம் என்று. அணைகள் வந்தபின் அந்த உவமையை அப்படியே நம்பிவிடக் கூடாது: தெஹ்ரி நீர்த்தேக்கம் வண்டலைப் பிடித்துக்கொள்வதால் பாகீரதி பல நேரம் பச்சையாக, தணிந்து வரும், மழையில் கலங்கிப் பாய்கிற அலக்நந்தாவே அப்போது முரட்டுத்தனமாகத் தெரியும். நீரின் அளவிலும் அலக்நந்தாவே பெரிது. மூல நதி என்ற மரியாதையை மட்டும் மரபு பாகீரதிக்குக் கொடுத்திருக்கிறது.

படிகளைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். சாலைக்கும் சங்கமத்துக்கும் நடுவே உள்ள இறக்கம் செங்குத்து, கைபிடி எல்லா இடத்திலும் இல்லை. பயணக் குழுக்கள் பெரியவர்களை வாகனத்தில் உட்கார்த்திவிட்டுப் போவதற்கு இதுவே காரணம். ஆனால் இது அவசரமாக ஏறி இறங்குவதற்கு எதிரான வாதமே தவிர, தங்குவதற்கு எதிரானதல்ல. முதல் நாள் மத்தியானம் வந்து அறையில் ஓய்வெடுத்து, மாலையில் இறங்கி ஆரத்தி பார்க்கலாம். மறுநாள் விடிகாலை நீராடிக் கோயில் போய்த் திரும்பினால், ஒரே ஏற்றம் இரண்டு நாளுக்குப் பகிர்ந்துவிடும். முடிந்தால் ஆற்றின் உட்பக்கம், பழைய ஊருக்குள்ளேயே அறை பிடியுங்கள். ஏற்றம் பாதியாகக் குறையும். சப்பாத்தைவிட இறுகக் கட்டும் பட்டைச் செருப்பு நல்லது. ஒரு ஊன்றுகோல், ஒரு மெல்லிய துவாய், மாற்றுடை, குளிசைகள் இவற்றை மட்டும் தோள் பையில் போட்டுக்கொண்டு பெரிய பெட்டியை ரிஷிகேஷ் விடுதியில் வைத்துவிட்டு வரலாம்.

போகும் வழியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கட்டுநாயக்காவிலிருந்து டில்லி, அங்கிருந்து ரயிலில் ஹரித்வார். அல்லது டில்லியிலிருந்து டேராடூனுக்கு இன்னொரு விமானம், அந்த விமான நிலையம் ரிஷிகேஷுக்குப் பக்கம். ரிஷிகேஷ் பஸ் நிலையத்திலிருந்து காலையில் ஸ்ரீநகர், ஜோஷிமட் பக்கம் போகும் பஸ்களும் பங்கு ஜீப்புகளும் தேவப்பிரயாகையில் நிற்கும். இரண்டரை, மூன்று மணி நேரம். கினிகத்தேனை வளைவுகளில் பழகிய வயிற்றுக்கு இந்தப் பாதை புதிதாக இராது. ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகைக்கு 125 கிலோமீற்றர் ரயில் பாதை போட்டுவருகிறார்கள்; அதில் தேவப்பிரயாகைக்கும் ஜனாசுவுக்கும் இடையே சுமார் 14.5 கிலோமீற்றர் சுரங்கம் 2025 ஏப்ரலில் ஊடுருவி முடிந்தது. ரயில் ஓடத் தொடங்கினால் இந்தப் பத்தியைத் திருத்த வேண்டிவரும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா அவசியம். இணையவழி விசாவுக்கு விண்ணப்பித்து, அச்சிட்ட பிரதியைக் கையில் வையுங்கள். கைபேசியில் காசு செலுத்தும் முறை அங்கே தேநீர்க் கடைவரை வந்துவிட்டது, ஆனால் அது பெரும்பாலும் இந்திய வங்கிக் கணக்கு உள்ளவருக்கு. நீங்கள் ரிஷிகேஷிலேயே சில்லறை நோட்டுகளாக மாற்றிக்கொண்டு போங்கள். சாப்பாடு சைவம்: ரொட்டி, பருப்பு, ராஜ்மா, சோறு. மண்டுவா ரொட்டி என்று கேட்டால் நம் குரக்கன் ரொட்டியேதான் வரும். பிளேன்டீ கேட்டுக் குழப்பாமல் அவர்கள் தரும் இஞ்சித் தேநீரைக் குடிக்கப் பழகுங்கள். தேயிலை நாட்டிலிருந்து வந்தவர் என்று சொன்னால் அதைப் பற்றியே அரை மணி பேசுவார்கள்.

எஞ்சியிருப்பது மிக வலுவான ஆட்சேபம். கங்கை என்று வாயால் சொன்னாலே வினை தீரும் என்ற கருத்து அந்தக் கடிநகர்ப் பாசுரங்களிலேயே இருக்கிறது. அப்படியானால் களனிக் கரையில் நின்று சொல்லிவிட்டுப் போகலாமே? போகலாம். இந்த வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. சொல்லப்போனால் இந்த அத்தியாயம் அதன்மேல்தான் நிற்கிறது. போகாவிட்டால் புண்ணியம் குறையும் என்று மரபே சொல்லாதபோது, சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்தோ, தோட்டை அடகு வைத்தோ, பிள்ளையின் படிப்புக் காசைத் தொட்டோ இந்தப் பயணத்தைச் செய்ய யாருக்கும் கட்டாயமில்லை. அப்படிச் செய்யச் சொல்லும் முகவரை நம்பாதீர்கள். காசு கூடிய பிறகு, உடம்பு நன்றாயிருக்கும்போது, போவதென்று முடிவெடுத்தவருக்குத்தான் இங்கே சொன்ன யோசனை. அவர் ஒரே வாரத்தில் காசி, கயா, ஹரித்வார், பத்ரிநாத் என்று எட்டு இடத்தைத் தொட்டுவிட்டு எதையும் பாராமல் வருவதைவிட, டில்லி, ரிஷிகேஷ், தேவப்பிரயாகை என்று மூன்றோடு நிறுத்தினால் செலவும் குறையும், போன இடமும் மனதில் நிற்கும்.

அறை விடயத்தை மட்டும் கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். அந்தப் பதிவு வசதி இல்லாத சிறிய தர்மசாலைகள், நம் முகத்தையும் பேச்சையும் பார்த்துத் தமிழ்நாட்டுக்காரர் என்று நினைத்து வரச்சொல்லிவிட்டு, கடவுச்சீட்டைக் கண்டதும் கையை விரிக்கக்கூடும். ஆகவே ரிஷிகேஷிலிருந்து புறப்படுமுன் தொலைபேசியில் பேசி, இலங்கைக் கடவுச்சீட்டு என்று முதல் வார்த்தையிலேயே சொல்லி, இரண்டு இரவுக்கும் அறையை உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசுச் சுற்றுலா நிறுவனத்துக்கும் தேவப்பிரயாகையில் ஒரு விடுதி உண்டு. முதலில் அங்கே கேளுங்கள்.